பெட்டி சூசையின் இழைப்புளி

சிப்பித்துறையில் சனிக்கிழமை மத்தியானம் யாரும் தெருவைப் பெருக்குவதில்லை. விருந்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஏன் என்று கேட்டால், பஸ் வருகிற நேரத்தைச் சொல்வதுபோல, "சுருள் வார நாளு" என்று சொல்லிவிட்டு மீன் குழம்பை ஊற்றுவார்கள். இப்போது அந்தச் சுருள் வருவது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. இருந்தாலும் விளக்குமாறு சனிக்கிழமை மத்தியானம் மூலையில்தான் நிற்கிறது. அது அப்படி நிற்கக் காரணமானவள் கித்தேரியாள்.

கித்தேரியாள் ஓடாவி மகள். வள்ளம் கட்டுகிற தச்சனை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். அப்பன் மடியில் தவழ்ந்த காலத்திலேயே மரம் சீவுகிற இழைப்புளியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தவள் என்பதால், கலியாணமாகி, பிறகு தனியாகி, கையில் ஒரு பிழைப்பு வேண்டும் என்று வந்தபோது அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை தூத்துக்குடிக்கு பஸ் ஏறி, பழைய இரும்புக் கடைகளில் குந்தியிருந்து, உடைந்த மிக்ஸிக்கும் சைக்கிள் செயினுக்கும் அடியிலிருந்து துருவேறிய இழைப்புளிகளைத் தோண்டி எடுப்பாள். எடுத்ததும் மூக்கைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்து முகர்வாள். தேக்கு இழைத்ததா, அயினி இழைத்ததா, வெறும் பலகைப்பெட்டி இழைத்ததா என்று அந்த வாசத்திலேயே சொல்லிவிடுவாள். "என்னக்கா, கருவாடு வாங்குத மாதிரி மோந்து பாக்குதீய" என்று கடைக்காரர் சிரிப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவைத் தேய்த்து, அலகைச் சாணை பிடித்து, புது இழைப்புளிக்கு இல்லாத ஒரு பதவிசோடு அதை நாகர்கோவில் ஆசாரிமார்களுக்குக் கொடுப்பாள். கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைக்கிற பட்டணத்து ஆட்களுக்குக் கொடுக்க மட்டும் அவளுக்கு மனசு வராது.

அவள் புருசன் லியோன் பதினோரு வருசத்துக்கு முன்னால், வாடைக்காற்று அடித்த ஒரு விடியலில், வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனான். மூன்றாம் நாள் வள்ளம் வந்தது, வலை வந்தது, சோற்றுத் தூக்குவாளி மூடி கழலாமல் வந்தது, அவன் வரவில்லை. சிப்பித்துறையில் இதற்கொரு முறை உண்டு. கடல் ஆளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நாற்பது நாள் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி செய்து, அதில் அவன் சட்டையை வைத்து, ஆளைப் புதைக்கிற மாதிரியே கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குள்ளும் தலையணை உண்டு. இன்னொன்றும் இந்த ஊரில்தான். பெட்டியை இழைக்கும்போது விழுகிற சுருளில் ஒன்றுகூட அடுப்புக்குப் போகாது. அத்தனையையும் அள்ளி ஒரு வெள்ளைத்துணிப் பையில் திணித்துத் தைத்து, அந்தப் பெட்டிக்கு அதையே தலையணையாக வைப்பார்கள். செத்தவன் தன் பெட்டியின் மரத்திலேயே தலை சாய்க்க வேண்டும், இரவல் பஞ்சில் சாய்க்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

லியோனின் பெட்டியைத் தூக்கிப் போனபோது கித்தேரியாள் கூடப் போகவில்லை. வீட்டில் இருந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்றவும் இல்லை. "தல வைக்காத தலவாணிக்கு நான் எதுக்கு அழணும்" என்று மட்டும் கேட்டாள். ஊரும் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவள் மனசுக்குள் அந்தத் தலையணை பதினோரு வருசமாக அப்படியே இருந்தது, உப்பலாக, யாரும் தொடாமல், அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்பதற்கு ஒரே சாட்சியாக.

அப்படிப்பட்ட ஒரு முதல் திங்கட்கிழமையில்தான், ஓட்டைத் தராசுத் தட்டுக்கும் தையல் மிஷின் காலுக்கும் நடுவே அந்த இழைப்புளி கிடைத்தது. புளியமரத்து வைரத்தில் செய்தது, முழங்கை நீளம், பக்கவாட்டில் கைபட்டுக் கைபட்டு விழுந்த பள்ளம். பள்ளத்தில் அவள் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். மோதிர விரலுக்கு மட்டும் இடம் இல்லை. இடதுகையில் மோதிரவிரல் இல்லாமல் நாற்பது வருசம் மரம் இழைத்த ஆள் அந்தக் கரையில் ஒருவர்தான். சிப்பித்துறையின் சவப்பெட்டி எல்லாவற்றையும் செய்த பெட்டி சூசை. அவர் செத்து ஒன்பது வருசமாகிறது. சாமான்களை மருமகன் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தாள். முகர்ந்து பார்த்தாள். வாசமே இல்லை. தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. அதற்காகவே வாங்கினாள்.

நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். இறுகிப்போன ஆப்பைத் தட்டித் தட்டிக் கழற்றினாள். அலகின் துருவைப் புளி போட்டுத் தேய்த்தாள். கண்ணாடிச் சில்லின் மேல் உப்புத்தாளை விரித்து அடிப்பாகத்தை மட்டமாக்கினாள். எண்ணெய்க் கல்லில் அலகைத் தீட்டி, முழங்கை மயிரை மழித்துப் பதம் பார்த்து, கட்டையில், வள்ளத்துக்குப் பூசுகிற மீனெண்ணெயைப் பூசி வெயிலில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம், கழித்துப்போட்ட வள்ளத்தின் அயினிப் பலகை ஒன்றைப் பட்டறை மேசையில் இறுக்கி, இழைப்புளியை அதன்மேல் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.

இழைப்புளியின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. திறந்திருந்த வாசல் வழியாக, தெருவிலிருந்து, ஒரு மரச்சுருள் உருண்டு வந்தது. படி ஏறியது, மேசைக் காலில் தொற்றியது, பலகைமேல் ஏறி இழைப்புளியின் வாய்க்குள் புகுந்து, அலகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டது. அவள் தடவிப் பார்த்தாள். பலகை ஒரு காகிதக் கனம் தடித்திருந்தது.

'அலகைத் திருப்பிப் போட்டுட்டமோ' என்று நினைத்து, ஆப்பைத் தட்டி, அலகைக் கழற்றிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி மாட்டி மறுபடி தள்ளினாள். மறுபடி ஒரு சுருள் வந்தது.

தேங்காய் ஒரு மூடி இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சலேத்தாள், வாசலில் காலை அகட்டி அந்தச் சுருளுக்கு வழி விட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"மயினி, பவுலின் டீச்சர் வாசம்லா இது? தலவலிக்குத் தேய்ப்பாவள்ளா, அந்தத் தைலம்."

"டீச்சர் செத்து ஒம்பது வருசமாச்சேளா."

"அதான் நானும் யோசிக்கேன்" என்றாள் சலேத்தாள். யோசித்துக்கொண்டே தேங்காயை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. பெட்டி சூசை கடைசியாகச் செய்தது பவுலின் டீச்சரின் பெட்டி. கல்லறைத் தோட்டத்தில் டீச்சரின் தலைமாட்டில் நண்டுப் பொந்து மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. இழைப்புளி தான் இழைத்ததையெல்லாம் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்ப வாங்குகிறது என்று கண்டு, கோவில் மணியடித்து மரண ஏட்டையும் பார்த்துக்கொள்கிற மெலிஞ்சியார் கொர்னேலி, மறுவாரமே ஏட்டைக் கக்கத்தில் இடுக்கி வந்து, அடுத்தது யார் என்று பின்னாலிருந்து வாசித்துச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பங்குச்சாமி மட்டும் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, இதைத் தடுக்கும்படியும் எழுதவில்லை, நடத்தும்படியும் எழுதவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்றார். அதனால் சனிக்கிழமை என்று ஆனது.

சனிக்கிழமை தோறும் கல்லறைத் தோட்டத்து மணலிலிருந்து சுருள்கள் கிளம்பி, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை மதிக்காமல், கடற்கரைத் தெரு வழியாக வரும். மீன்கூடை இறக்கி வைத்திருந்தவர்கள் கூடையைத் தூக்கி வழி விட்டார்கள். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துக் காத்திருந்தார். டீக்கடைக்காரர் பால்சட்டியை மூடினார். ஒரு சுருள் வழி தவறிப் பள்ளிக்கூடச் சந்தில் திரும்பினால், "அங்க இல்ல, இங்கிட்டு" என்று யாராவது கைகாட்டுவார்கள், அதுவும் திரும்பி வரும். தெரியாமல் பெருக்கித் தள்ளிவிட்ட ஒருத்தி, குப்பைமேட்டில் முட்டி போட்டு அரைநாள் மன்னிப்புக் கேட்டாள். கோழிகள் அவற்றைக் கொத்தவில்லை. அதை மட்டும் கொஞ்சம் கவனித்தார்கள்.

செத்தவர்கள் தலை வைத்த சுருள் நசுங்கியிருக்கும். நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு பக்கம் ஒருக்களித்துப் படுத்தவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, அவரவர் எண்ணெய் வாசத்தோடு வரும். சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று, பலகையில் ஒட்டியதும் கன்னத்தை வைத்துப் பார்ப்பார்கள். மிக்கேல் பர்னாந்தின் சுருளில் இரண்டு பள்ளம் இருந்தது. அவருடைய இரண்டாம் பெண்சாதி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மூத்தவ போய்ப் படுத்திருக்கா. இருக்கட்டும், எனக்கு எடம் தேடுத வேலை மிச்சம், நான் தனிப் பெட்டி சொல்லிக்கிடுதேன்" என்றாள். தெருவே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

ஆனால் இரண்டு வாரத்தில் கல்லறைத் தோட்டத்தின் வழியே போனவர்களுக்கு, மணலுக்கு அடியிலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. தலையணை போய்விட்டதல்லவா. அதற்கும் பெண்கள் வழி கண்டார்கள். பலகையில் ஒட்டியதைக் கித்தேரியாள் வேறு இழைப்புளியால் மறுபடி சீவிக் கொடுப்பாள். அதைப் புதுத்துணியில் திணித்து, செத்தவரின் பேரைச் சிவப்பு நூலில் தைத்து, அன்று பொழுது சாய்வதற்குள் தலைமாட்டு மணலில் புதைப்பார்கள். புதைத்த உடனே சத்தம் நின்றுவிடும். புதுத் தலையணை கிடைக்கிறதென்று கிழவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

தொம்மையின் சுருள் வந்த சனிக்கிழமையிலிருந்துதான் கித்தேரியாள் ஏட்டில் மிச்சமிருந்த பேர்களை எண்ண ஆரம்பித்தாள். தொம்மையும் கடல் திருப்பிக் கொடுக்காத ஆள். அவன் பெட்டியிலும் சட்டைதான் இருந்தது. அவன் சுருள் உப்பலாக வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது நன்றாக நசுங்கி, ஈரமாக, உப்பும் பீடியும் மணக்க வந்தது. அவன் அம்மை எண்பது வயசுக் கிழவி, அதைக் கையில் ஏந்தி, "வந்து படுத்திருக்கான் பாரு. எந்தக் கடல்லயிருந்து நடந்து வந்தானோ. வந்து சேந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, பல வருசத்துக்குப் பிறகு அன்றைக்கு வெற்றிலை போட்டாள்.

அப்படியானால் கடலில் செத்தவர்களும் தங்கள் தலையணைக்கு வந்துவிடுகிறார்கள். அப்படியானால் லியோனின் சுருள் நசுங்கியிருந்தால் அவன் செத்துவிட்டான். கித்தேரியாள் அன்று ராத்திரிச் சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

சனிக்கிழமைகள் போயின. ஏடு பின்னோக்கிப் புரண்டது. ஒருநாள் மெலிஞ்சியார் வாசித்துக்கொண்டே வந்து நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அடுத்தது லியோனு" என்றார்.

"கை வலிக்கு மாமா" என்று சொல்லி, கித்தேரியாள் இழைப்புளியைச் சுவரில் ஆணியில் மாட்டினாள்.

மூன்று சனிக்கிழமை அது ஆணியிலேயே தொங்கியது. வேறு யாராவது தள்ளிப் பார்க்கலாம் என்று ஓர் ஆசாரி வந்து முயன்றார். அவர் கையில் அது சாதாரண இழைப்புளி. பலகையைச் சீவியது, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்திலோ லியோனின் குழியிலிருந்து ஒரு சலசலப்பு, உச்சிவெயில் நேரத்தில்கூட, ஓலைப்பாயில் யாரோ புரண்டு படுப்பதுபோல. அந்தப் பக்கம் மேய்கிற ஆடுகள் ஒரு வட்டம் விட்டு மேய்ந்தன. ஊரில் பேச்சு எழுந்தது. "அவ புருசனுக்காவ நம்ம அப்பனாத்தாள நிறுத்தி வச்சிருக்கா" என்றார்கள் குழாயடியில். "ஒனக்கு நடந்தா தெரியும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

சலேத்தாள் மட்டும் குழாயடிப் பக்கம் போகவில்லை. அவள் மகள் அமலி, ஏழு வயசில், காய்ச்சலில் போனவள். லியோனுக்குப் பதினைந்து நாள் முந்திப் போனவள். ஏட்டில் அவனுக்கு அடுத்த பேர் அவளுடையது. முதல் சனிக்கிழமையிலிருந்து வரிசையில் கடைசி ஆளாக நின்று, யார் யாருக்கோ துணி பிடித்து, ஊசி கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், நாலாவது சனிக்கிழமை கூட்டம் இல்லாத பட்டறைக்குள் வந்து, மரக்கட்டைமேல் உட்கார்ந்தாள்.

"மயினி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேக்காத."

"நசுங்கியிருந்தா அண்ணன் செத்துட்டாவ. நசுங்காட்டா, உசுரோட இருந்தும் வரல. ரெண்டுல எது ஒனக்கு வேணும்?"

கித்தேரியாள் சாணைக்கல்லைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள்.

"ரெண்டும் வேண்டாம்ளா."

"சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் சலேத்தாள். "எம்புள்ள எந்தப் பக்கமாப் படுத்திருக்கான்னு பாக்கணும். சுவத்துப் பக்கமாத்தான் படுப்பா. பெட்டியில மல்லாக்கப் போட்டுட்டோம். பதினோரு வருசமா அது ஒண்ணுதான் எனக்கு அறுக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கித்தேரியாள் ஒருவேளை எழுந்து போயிருப்பாள். வெளியே மீன்வண்டி ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பிறகு கித்தேரியாள் எழுந்து ஆணியிலிருந்து இழைப்புளியை எடுத்தாள்.

"போய் மெலிஞ்சி மாமாவக் கூப்பிடு" என்றாள்.

மெலிஞ்சியாரைக் கூப்பிட்டதில் ஊரே வந்தது. வாசலிலும் சன்னலிலும் முகமாக இருந்தது. கித்தேரியாள் அலகை ஒரு தடவை பெருவிரலால் தொட்டுப் பார்த்து, பலகைமேல் வைத்து, கண்ணைத் திறந்துகொண்டே தள்ளினாள்.

சுருள் வந்தது. மற்றவை மாதிரி உருண்டு வரவில்லை. தெருவில் தன்னை இழுத்துக்கொண்டு, படிக்கட்டில் ஏற முடியாமல் ஏறி வந்தது. அதுவரை வந்த எதுவும் அவ்வளவு நசுங்கி இருந்ததில்லை. ஒரு ராத்திரி விடாமல் அழுத்தி அழுத்தித் தலை வைத்துப் படுத்த சுருள். காகிதம்போல் தட்டையாக இருந்தது. கூட்டத்தில் ஒருத்தி ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

கித்தேரியாள் அதை இழைப்புளியின் வாய்க்குள் போகவிடாமல் விரலால் தடுத்து எடுத்து, முகர்ந்தாள்.

பீடி இல்லை. கடல் இல்லை. அவன் முகத்தில் அப்புகிற பவுடர் இல்லை. வெந்தயமும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் மணத்தது. சுருளின் மடிப்பில் ஒரு தலைமயிர் சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க நீளமாக வந்தது. பாதி கறுப்பு, வேர்ப்பக்கம் நரை.

தொம்மையின் அம்மை கூட்டத்தை விலக்கி வந்தாள். சுருளை வாங்கி முகர்ந்தாள். பிறகு கித்தேரியாளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிய வைத்து, உச்சியில் மூக்கை வைத்து, சமையல் பதம் பார்க்கிறவள்போல நிதானமாக முகர்ந்தாள்.

"ஒன் தலதாம்ளா இது" என்றாள் கிழவி.

கித்தேரியாள் மறுபடி தள்ளினாள், மறுபடி தள்ளினாள். ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் தட்டையாக, எல்லாம் அவள் எண்ணெய் வாசத்தோடு, அடியில் கிடந்தவை கண்ணீர் ஊறிக் காய்ந்து வெள்ளை பூத்து. ஒன்றில்கூட அவன் தலை பட்டிருக்கவில்லை. அவன் அங்கே வரவில்லை, ஒருநாள்கூட வரவில்லை. அவன் எங்கே என்பது அந்த மரத்துக்குத் தெரியாது. மீன் பொரித்த அன்றிலிருந்து, பகலெல்லாம் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த பொம்பிளை யார், மணலுக்கு அடியில் அவன் சட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் யார் என்று அவளுக்கே இப்போதுதான் கணக்கு நேரானது. கழுத்தில் கை வைத்துத் தடவினாள். பல வருசமாக அவளுக்கு அந்த இடத்தில் ஒரு பிடிப்பு இருந்தது. தட்டையாகிப்போன தலையணையில் தலை வைத்துப் படுத்த பிடிப்பு.

கடைசிச் சுருளும் ஒட்டியது. வழக்கப்படி பெண்கள் புதுத்துணியை விரித்தார்கள். சிவப்பு நூலைக் கோத்துவைத்து, மெலிஞ்சியார் பக்கம் பார்த்தார்கள். மெலிஞ்சியார் ஏட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"மக்கா, தலவாணியில எந்தப் பேரத் தைக்க?" என்று கேட்டார். "அவன் பேரையா, இல்ல..."

"தைக்க வேண்டாம் மாமா."

"தலவாணி இல்லாம எப்பிடிளா?"

"அங்க யாரு இருக்கா?" என்றாள் கித்தேரியாள். "நான் எந்திச்சுட்டேன்."

மெலிஞ்சியார் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். எல்லோரும் கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் பக்கம் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, விரலை ஏட்டில் ஒரு வரி மேலே நகர்த்தினார்.

"அமலி" என்று வாசித்தார். "வயசு ஏழு."

கித்தேரியாள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏளா சலேத்து, இங்க வா. முன்பக்கத்த நீ பிடி. நான் பின்னால தள்ளுதேன்."

சலேத்தாள் வந்து, பெட்டி சூசையின் விரல் பதிந்த பள்ளத்தில் தன் விரல்களை வைத்தாள். தெருவில் கூடைகளைத் தூக்கினார்கள். தூரத்தில், சுண்டுவிரல் அகலத்தில் ஒரு சின்னச் சுருள், ஒரு பக்கமாகவே ஒருக்களித்து வந்துகொண்டிருந்தது.

"மெதுவாத் தள்ளு மயினி" என்றாள் சலேத்தாள். "முழிச்சிரப் போறா."